வெண்கலச் சிறகனின் கடைசி மூன்று பக்கங்கள்

கண்ணாடிக் கடையில் எழுத்து சோதித்துப் பார்க்க ஓர் அட்டை உண்டு. மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகப் பொடி எழுத்து. அதை யாரும் நம்புவதில்லை. புதுக் கண்ணாடி தங்கள் வீட்டு எழுத்தைக் காட்டுகிறதா என்றுதான் வருகிறவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் மின்சார பில்லோடு வருவார். ஒரு பெண்மணி மாத்திரைப் பட்டையோடு வருவார். ஒருமுறை ஒரு பெரியவர், மகன் எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து புதுக் கண்ணாடியில் முழுசாகப் படித்துவிட்டு, "பழைய கண்ணாடியே தேவல" என்று சொல்லிக் கழற்றி வைத்தார்.

லென்ஸை ஃபிரேமின் அளவுக்குச் சாணை பிடித்துப் பொருத்துவது அவள் வேலை. இருபது வயதில் சேர்ந்தாள். இப்போது ஐம்பத்திரண்டு. முதலாளி இரண்டு முறை மாறிவிட்டார், அவள் மாறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவள் கண்ணாடிக்காரி. அவள் பேசுவது குறைவு. திருகாணியைப் பல்லில் கடித்துக்கொண்டு வேலை செய்கிறவளுக்குப் பேசாமல் இருப்பது வசதி.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு ஃபோன் வந்தது. முதலாளி, "உனக்குத்தான்" என்று நீட்டினார். அவளுக்குக் கடைக்கு ஃபோன் வந்ததே இல்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் கையைத் துடைக்காமலேயே வாங்கினாள்.

"நான் உன் அக்கா பேசறேன்" என்றது ஒரு பெண் குரல். "பெத்தவங்க வழியில. வெச்சிடாத."

அவள் வைக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஊர்ல எனக்கு ஒரு வேலை இருக்கு. காலைல பதினோரு மணிக்கு உன் வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். வேணாம்னா சனிக்கிழமைக்குள்ள இந்த நம்பருக்குச் சொல்லிடு. சொல்லலன்னாலும் வரமாட்டேன். வான்னு உன் வாயால சொன்னாதான் வருவேன். ஒரு தடவ வந்து பட்டது போதும்."

பட்டது என்ன என்பது அவளுக்குத் தெரியும்.

தான் தத்துப் பிள்ளை என்பது அவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே தெரியும். வீட்டில் யாரும் மறைத்ததில்லை. பெற்ற வீட்டில் தகப்பன் படுக்கையில் விழுந்துவிட, நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு திண்டாடிய தாய், இரண்டு வயதுக் கடைக்குட்டியை ஒரு நர்ஸ் மூலமாகக் கொடுத்துவிட்டாள். வாங்கிக்கொண்டவர்களுக்குப் பிள்ளை கிடையாது. "உன்ன நாங்க போய்ப் பாத்து, பிடிச்சுப் போய்க் கூட்டிட்டு வந்தோம்" என்று வளர்த்த அம்மா சொல்லுவாள், ஏதோ கடையில் பத்துப் புடவை பார்த்து ஒன்று எடுத்த மாதிரி. அந்த அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இப்போது வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு எண்பத்தொன்று.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது பெற்றவள் ஒருநாள் தேடி வந்தாள். கூட ஒரு பெண், பச்சைச் சட்டை போட்டவள். வீட்டு முன்பக்கத்தில் அப்பா நடத்திய கடை வாசலில் அவள் மட்டும் இருந்த நேரம். பெற்றவள் பெயர் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, "நான் யாருன்னு தெரியுதா?" என்றாள். தெரிந்தது. அந்த மூக்கு தன்னுடைய மூக்கு. ஆனாலும் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"உங்களை எனக்குத் தெரியாது. என் வீடு இதுதான்."

இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். அன்று சாயங்காலம் இதை அப்பாவிடமும் அம்மாவிடமும் பெருமையாகவே சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்தினார். மணி ஆறுகூட ஆகவில்லை.

ஃபோன் வந்ததை அப்பாவிடம் அவள் சொல்லவில்லை. புதன்கிழமை சொல்லலாம் என்று நினைத்தாள். அன்றைக்கு அவருக்கு இருமல். வரச்சொன்னால் இந்த மனிதர் உடைந்துபோவாரோ என்று ஒரு பக்கம். வேண்டாம் என்றால் அந்த வாசல் இனி திறக்காது என்று ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் அவள் சாணையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மதியம் சர்வேயர் ஒருவர் வந்தார். ஓய்வு பெற்றவர், வாசிப்புக் கண்ணாடிக்குக் கொடுத்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்தார். அட்டையில் வெண்கல நிறச் சிறகு விரித்த ஒருவன், கீழே அலை, அலை நடுவே ஒரு கலங்கரை விளக்கம். 'வெண்கலச் சிறகன்: திரும்பி வந்த குடும்பம்.'

அவள் கையிலிருந்த திருகாணி உருண்டு ஓடியது.

"எனக்கு இதோட அட்டையே தெரியாது" என்றாள்.

"என்னது?"

"எங்க வீட்ல இந்தப் புத்தகம் இருக்கு. அட்டை இல்லாம. கொஞ்சம் பாக்கலாமா?"

சர்வேயர் புத்தகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டார். "இது எவ்வளவு பழசு தெரியுமா? நாலு வருஷம் தேடிப் பிடிச்சேன். கைல எண்ணெய் இருக்கா?"

"கழுவிட்டு வரேன்."

"சோப்பு போட்டுக் கழுவுங்க. நல்லாத் துடைங்க. ஈரமும் ஆகாது."

அவள் கழுவிக்கொண்டு வந்து, அவர் விரித்துப் பிடிக்க, தொடாமலேயே கடைசிப் பக்கங்களைப் படித்தாள். மூன்று பக்கம். படித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி அந்த மூன்றையும் படித்தாள். சர்வேயருக்குக் கை வலித்திருக்க வேண்டும். "பரீட்சைக்கா படிக்கறீங்க?" என்றார்.

அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம். புயலில் உடைந்த படகில் கிடைத்த குழந்தையைக் கலங்கரை விளக்கக் காவலரும் அவர் மனைவியும் எடுத்து வளர்க்கிறார்கள். பையனுக்கு வெண்கலச் சிறகு முளைக்கிறது. ஊரைக் காப்பாற்றுகிறான். ஒருநாள் பனியில் சிக்கிய கப்பலை மீட்கிறான். அந்தக் கப்பலில் இருபது வருஷமாக அவனைத் தேடி அலையும் தாயும் தகப்பனும் தங்கையும் இருக்கிறார்கள். தாய் அவன் கழுத்து மச்சத்தைப் பார்த்துக் கை நீட்டுகிறாள். கண்ணாடிக்காரி வீட்டுப் புத்தகத்தில் அச்சு அங்கே முடிந்துவிடும். அடுத்தது கோடு போட்ட தாளில், நீல மையில், அப்பாவின் கையெழுத்து: 'சிறகன் தலையை அசைத்தான். உங்களை எனக்குத் தெரியாது, என் வீடு இதுதான் என்று கூறிவிட்டுக் கலங்கரை விளக்கத்துக்குப் பறந்தான். முற்றும்.'

அப்பா அந்த நாளில் வாடகைப் புத்தகக் கடை நடத்தினார். வார வாடகைக்குக் கதைப் புத்தகம், படக்கதை எல்லாம் கொடுப்பார். போன புத்தகம் போன மாதிரி திரும்பி வராது. கடைசிப் பக்கம்தான் முதலில் கிழியும். முடிவு இல்லாத புத்தகத்தை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? அதனால் அப்பா, வேறு பிரதி எங்காவது கிடைத்தால் அதைப் பார்த்தும், கிடைக்காவிட்டால் முன்பே படித்தவர்களிடம் கேட்டும், முடிவைத் தன் கையால் எழுதி மாவுப் பசை வைத்து ஒட்டிவிடுவார். சில சமயம் கேட்டவர்கள் தப்பாகச் சொல்லிவிடுவார்கள். ஒரு பேங்க் குமாஸ்தா ஒருநாள் கடைக்கு வந்து கத்தினார்: "யோவ், டாக்டர்தான் கொலைகாரன்னு எழுதி வெச்சிருக்க. என் மச்சினன் ஊர்ல முழுப் புத்தகம் படிச்சிருக்கான். தோட்டக்காரனாம்யா!" அப்பா அசரவில்லை. "தோட்டக்காரனுக்கு அவ்வளவு மூளை ஏது சார்? நான் எழுதினதுதான் பொருத்தமா இருக்கு" என்றார். பேங்க் குமாஸ்தா அடுத்த வாரமும் புத்தகம் எடுக்க வந்தார்.

ஆகவே கையெழுத்து முடிவு அச்சிலிருந்து மாறியிருப்பது அவளுக்கு அதிசயமில்லை. ஆனால் இது எப்படி மாறியிருந்தது என்பதுதான் விஷயம்.

அச்சில், தாய் கை நீட்டியதும் சிறகன் அவர்களைக் கலங்கரை விளக்கத்துக்கே அழைத்து வருகிறான். இரண்டு தாய், இரண்டு தகப்பன், எல்லோரும் ஒரே மேசையில். அது முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில் சிறகன் பெற்றவர்களோடு கப்பலேறிப் போகிறான். காவலரும் மனைவியும் மாடத்தில் நின்று கையசைக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் கப்பல் இல்லை, வெறும் கடல், வளர்த்த கிழவியின் கை மட்டும் இன்னும் மேலே. மூன்றாம் பக்கத்தில் மழை. கதவு தட்டும் சத்தம். சிறகன் நனைந்துபோய் நிற்கிறான். காவலர், "சிறகைக் கழற்றி ஆணியில் மாட்டு, தரை நனைகிறது" என்கிறார். முற்றும்.

அன்று பிற்பகல் அவள் வலது கண் லென்ஸை ஃபிரேமின் இடது பக்க அளவுக்குத் தேய்த்துவிட்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் இது மூன்றாவது தப்பு. முதலாளி லென்ஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வீட்டுக்குப் போ" என்றார்.

போகிற வழியெல்லாம் ஒரே யோசனை. வெளியூர்ப் பெரிய கடை ஒன்று அவளைக் கூப்பிட்டது, போகவில்லை. இரண்டு வரன் வந்தது, இரண்டும் தூரம், வேண்டாம் என்றாள். ஒரு தாளின் மேல் இத்தனையையும் ஏற்றலாமா? தன் சுபாவமே அப்படியாக இருக்கலாம். ஆனால் அந்த வாசலில் சொன்ன வார்த்தை மட்டும் சந்தேகமில்லாமல் அந்தத் தாளிலிருந்து வந்தது. எழுத்து மாறாமல்.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரம் வந்துவிட்டாளே என்று பார்த்தார். அவள் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, நீல மைப் பக்கத்தை விரித்து அவர் மடியில் வைத்தாள்.

"இதோட முழுப் புத்தகம் இன்னிக்குப் பாத்தேன்ப்பா."

அப்பா ரேடியோவை அணைத்தார். கொஞ்ச நேரம் தன் கையெழுத்தையே பார்த்தார்.

"உங்களுக்குத் தப்பா சொன்னாங்களா, இல்ல நீங்களா எழுதினீங்களா?"

"யாரும் சொல்லல" என்றார். "எனக்கே தெரியும். புதுசா வந்தப்பவே படிச்சுட்டேன். கிழிஞ்சது அப்புறம்தான்."

"தெரிஞ்சுமா?"

"உனக்கு அப்ப எட்டு வயசு, பாப்பா. நான் எழுத உக்காந்தேன். நீ பக்கத்துல வந்து உக்காந்து, உள்ளங்கையில தாடையை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா பாத்திட்டிருந்த. 'அப்புறம்? அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே. அவன் போறான்னு எழுதணும். திரும்பி வர்றான்னு எழுதணும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பக்கம் இருக்கே, கிழவி கைய ஆட்டிக்கிட்டு நிப்பாளே, அந்த ஒரு பக்கத்த என்னால தாண்ட முடியல. குறுக்கு வழியில வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அன்னிக்கு அவங்க வந்தப்ப நீ சொன்னியே, அத நீ எங்ககிட்ட சொன்னதும் எழுந்து போய்க் கடையச் சாத்திட்டேன். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு. ராத்திரிதான் பிடிபட்டது."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா. "சொல்லல."

அதற்கு மேல் அவர் காரணம் ஒன்றும் தேடவில்லை. தேடியிருந்தால் அவளுக்குக் கோபம் அதிகமாகியிருக்கும். அவள் சமையலறைக்குப் போய் டீ போட்டாள். இரண்டு டம்ளர் கொண்டுவந்தாள். ஒன்றை அவர் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்தாள். அவ்வளவுதான் அவளுக்குச் சண்டை போடத் தெரியும்.

"அக்கா ஃபோன் பண்ணாங்க" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு கேக்கறாங்க."

அப்பா டம்ளரை எடுக்கப் போன கையை நிறுத்தினார். "நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல."

"எனக்காகவா?"

அவள் ஸ்டூலை அவர் கைக்கு எட்டும்படி தள்ளிவைத்தாள். அப்பா டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஃபோன் பண்ணு. வரச்சொல்லு" என்றார். பிறகு, "நான் மொட்டமாடிக்குப் போய் உக்காந்துக்கறேன், நீங்க பேசுங்க" என்றார்.

"இருமலோட மாடி ஏறப் போறீங்களா? உள்ரூம்ல இருங்க."

சனிக்கிழமை காலை அவள் ஃபோன் செய்து, "வாங்க" என்றாள். அந்தப் பக்கம், "சரி" என்றது. மொத்தமே அவ்வளவுதான்.

ஞாயிறு பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்பாக அக்கா வந்துவிட்டாள். அறுபது வயதிருக்கும். ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவள். வலது தோள் இடதைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. உட்கார்ந்ததும் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலி, அலமாரி, சுவரில் வளர்த்த அம்மாவின் படம்.

"நல்ல இடத்துலதான் இருந்திருக்க" என்றாள். அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. தன் தம்பியைப் பற்றிச் சொன்னாள், இவளுக்குச் சின்னண்ணன், லாரி மெக்கானிக், வாய் ஓயாதவன். பெரியண்ணன் சின்ன வயதிலேயே போய்விட்டதைச் சொன்னாள். அம்மா பதினோரு வருஷம் முன்பு போனதைச் சொன்னாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்.

"அன்னிக்கு பச்சைச் சட்ட போட்டுக்கிட்டு நின்னது நான்தான். ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த வார்த்தை உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு? 'உங்களை எனக்குத் தெரியாது, என் வீடு இதுதான்.' பத்தொம்பது வயசுப் பொண்ணு அப்படியா பேசும்? கோவம் வந்தா திட்டும், அழும். நீ என்னமோ ஒப்பிக்கிற மாதிரி சொன்ன."

கண்ணாடிக்காரி உள்ரூம் கதவைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். "சின்ன வயசு" என்றாள். "தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாமயா அவ்வளவு தெளிவா வரும்?"

"நான்தான் சொன்னேன். வேற என்ன சொல்ல?"

உள்ரூம் கதவு திறந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். சலவைச் சட்டை போட்டு, தலை சீவியிருந்தார். உள்ளேயே இருக்கப்போகிறவர் எதற்குத் தலை சீவினார் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது.

"அது புத்தகத்துல இருந்த வார்த்தைம்மா" என்றார் அக்காவிடம். "எழுதினது நான்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வாடகைக் கடை, கிழிந்த பக்கம், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த எட்டு வயதுப் பிள்ளை, தாண்ட முடியாத அந்த நடுப்பக்கம். அக்கா குறுக்கிடவில்லை. அவர் முடித்த பிறகு ஒரு பெரிய மூச்சு விட்டாள்.

"எங்கம்மா அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் இருந்தாங்க."

"ஆமாம்மா."

"மறுபடி ஒரு தடவ போலாம்மான்னு நான் எத்தன தடவ கேட்டிருப்பேன். 'அவளே தெரியாதுன்னுட்டா, விடு'ன்னு சொல்லிடுவாங்க."

"மன்னிக்கணும்னு கேக்கறதுக்குக்கூட எனக்கு—"

"எங்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம்?" என்றாள் அக்கா. "கேக்க வேண்டியவங்க இல்ல."

அப்பா மறுபடி சுவரைப் பிடிப்பதைப் பார்த்து, முதலில் எழுந்தது அக்காதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, விழுந்து தொலைக்காதீங்க" என்றாள். அப்பா உட்கார்ந்தார்.

"எழுதினது அவர்" என்றாள் கண்ணாடிக்காரி. "வாய்விட்டுச் சொன்னது நான். அந்தப் பக்கத்த எத்தனையோ பேர் படிச்சாங்க. யாரும் போய் அம்மாகிட்ட சொல்லல. நான்தான் சொன்னேன்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அப்பாவே கேட்டதில்லை.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னிக்கு பஸ்ல திரும்பிப் போறப்ப அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? நான் அழுதுட்டே வந்தேன். அவங்க அழல. 'எவ்வளவு தைரியமா பேசறா பாத்தியா, நல்லா வளத்திருக்காங்கடி'ன்னாங்க. எனக்கு அம்மா மேல அப்படி ஒரு எரிச்சல்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டு எந்தப் பக்கத்திலிருந்து வரக்கூடாதோ அந்தப் பக்கத்திலிருந்து வந்துவிட்டது. அதை அவரால் தாங்கவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

கிளம்பும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "மாசக் கடைசி ஞாயிறு எங்க வீட்ல எல்லாரும் கூடுவோம். தம்பி குடும்பத்தோட வருவான். அஞ்சு மணி நேரப் பயணம், சனிக்கிழமையே வந்து தங்கினாதான் ஆகும். வா. இது வற்புறுத்தல் இல்ல. ஆனா மூணாவது தடவ கூப்பிட எனக்கு வயசு இல்ல."

கண்ணாடிக்காரி அந்த வீட்டை விட்டு ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. அப்பாவின் மாத்திரை, அவருடைய இருமல், காலை வெந்நீர் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. அப்பா அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"போயிட்டு வருவா" என்றார் அக்காவிடம். "நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க? வெந்நீர் வைக்கத் தெரியுமா?" என்றாள் மகள்.

"ரெண்டு நாள் குளிக்கலன்னா குடி முழுகிடாது."

அக்கா முதல் முறையாகச் சிரித்தாள்.

மாசக் கடைசிச் சனிக்கிழமை காலை அப்பா பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. பையைத் தானே தூக்குவேன் என்று அடம்பிடித்து, இருபதடி தூக்கி, அவளிடமே கொடுத்துவிட்டார். மாத்திரைகளை வேளைவாரியாகத் தாளில் மடித்து அவர் சட்டைப்பையில் வைத்திருந்தாள். அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டார். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று அவர், "தண்ணி எடுத்துக்கிட்டியா? ஃபோன் சார்ஜ் இருக்கா?" என்று கேட்டதையே மூன்று தரம் கேட்டார். அதற்கப்புறம் கேட்க ஒன்றுமில்லாமல் போய்விட்டது.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்பா சட்டென்று படிக்கட்டுப் பக்கம் போனார்.

"தம்பி, நாளைக்கு அங்கேர்ந்து திரும்பி வர்ற வண்டி எத்தன மணிக்கு?"

"சாயங்காலம் நாலு" என்றார் கண்டக்டர்.

"இங்க வந்து சேர?"

"ஒம்பதாகும் பெரியவரே. மொதல்ல வண்டியப் போக விடுங்க."

அப்பா படியிலிருந்து கையை எடுத்தார். பஸ் நகர்ந்தது. அவள் ஜன்னலில் தலையை வெளியே நீட்டிப் பார்த்தபோது, அவர் மற்ற வண்டிகளுக்கு நடுவே, பின்னால் ஹாரன் அடிக்கிறவர்களைக் காதில் வாங்காமல் நின்று, கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.